உம்மாவின் களைப்பும் பிள்ளையின் மேற்படிப்பும்: எதை முதலில் தீர்மானிப்பது?

க.பொ.த. உயர்தரப் பெறுபேறுகள் வெளியாகும் நாட்களில் காத்தான்குடி, ஆரையம்பதி, பாலமுனை, காங்கேயனோடை என நமது வாவிக்கரை ஊர்கள் எல்லாவற்றிலும் ஒரே பேச்சுத்தான். இசட் புள்ளி எவ்வளவு? மாவட்ட நிலை எத்தனை? இந்த முறை வெட்டுப்புள்ளி எங்கே போய் நிற்கும்? இவை வாய்விட்டுக் கேட்கப்படும் கேள்விகள்.

வாய்விட்டுக் கேட்கப்படாத கேள்விகளும் உண்டு. "உம்மாக்கு இனி ஏலுமா?" "வாப்பா இன்னும் எத்தனை வருஷம் இப்படி ஓடுவார்?" பல வீடுகளில் ஒரு பிள்ளையின் படிப்பைத் தீர்மானிப்பது இசட் புள்ளியை விட இந்தக் கேள்விகள்தான். பேராதனைக்குத் தெரிவான மகள் "உம்மாவை விட்டுட்டுப் போக ஏலாது" என்று நின்றுவிடுகிறாள். தொழில்நுட்பப் பிரிவில் நன்றாகச் செய்த மகன் "வாப்பாட சுமையைக் குறைக்க வேணும்" என்று கட்டாருக்குப் போகப் பாஸ்போட் எடுக்கிறான். இரண்டையும் ஊர் பாராட்டுகிறது. பாராட்டத்தக்க எண்ணங்கள்தான். ஆனால் அந்த உம்மாவின் களைப்பு எப்படிப்பட்டது, அது தீரக்கூடியதா என்று எவரும் பார்க்காமலேயே அந்த முடிவு எடுக்கப்படுகிறது.

இங்கே இரண்டு கேள்விகள் ஒன்றாகக் குழம்பிப் போகின்றன. உம்மாவுக்கு என்ன செய்கிறது என்பது மருத்துவத்தோடு தொடர்புடைய கேள்வி. பிள்ளை என்ன படிப்பது என்பது கல்வியோடு தொடர்புடைய கேள்வி. முதலாவது கேள்விக்கான விடையைத் தேடாமல், இரண்டாவது கேள்வியைப் பலியிட்டு முதலாவதைத் தீர்க்கப் பார்க்கிறோம். மகள் வீட்டில் நிற்பதால் இரத்தச்சோகை குணமாகாது. மகன் வெளிநாடு போவதால் மனச்சோர்வு தீராது. சில வாரங்களில் சிகிச்சைக்கு இணங்கக்கூடிய ஒரு நிலைமைக்காக, முப்பது வருடங்களைத் தீர்மானிக்கும் முடிவொன்றை எடுப்பது நியாயமா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

இந்தத் தலைமுறைப் பெற்றோர் ஏன் இவ்வளவு களைத்திருக்கிறார்கள்?

இன்று உயர்தரம் எழுதும் பிள்ளைகளின் உம்மாமாருக்கு ஏறத்தாழ நாற்பது முதல் ஐம்பது வயது இருக்கும். அவர்களது வாழ்க்கையை ஒருமுறை திரும்பிப் பாருங்கள். 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்கள் கொல்லப்பட்டபோது இவர்கள் சிறுமிகள். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்தபோது இவர்களில் பலர் இளம் மனைவியர், கைக்குழந்தையோடு இருந்தவர்கள். 2019 ஏப்ரலுக்குப் பிறகு சமூகம் முழுவதும் சந்தேகக் கண்ணோடு பார்க்கப்பட்ட நாட்களையும் இவர்களே கடந்தார்கள். கொவிட் காலத்தில் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டதைப் பார்த்து, 2021 மார்ச்சில் ஓட்டமாவடி மஜ்மா நகரில் அடக்கம் தொடங்கும் வரை நெஞ்சைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார்கள். 2022இல் மண்ணெண்ணெய்க்கும் கேஸுக்கும் வரிசையில் நின்றதும் இவர்களே. ஆரையம்பதியின் தமிழ்த் தாய்மாருக்கும் இதே போன்றதொரு கணக்கு உண்டு. அவர்களது திகதிகள் சில வேறு, பாரம் ஒன்றுதான்.

இதற்கு மேலே நமது பகுதிக்கே உரிய ஒரு சுமையும் இருக்கிறது. கிழக்கு மாகாண முஸ்லிம்களிடையே பெண் பிள்ளைக்கு வீடு கொடுத்து மணமுடித்து வைப்பது வழக்கம். மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து வாழ்கிறார். இரண்டு பெண் பிள்ளைகள் என்றால் இரண்டு வீடு; மூன்று என்றால் மூன்று. காணி விலை ஏறிய காலத்தில் ஒரு வாப்பாவின் உழைக்கும் வயது முழுவதும் கல்லிலும் சீமெந்திலும் கரைந்துவிடுகிறது. அதற்காகக் கடன், அதற்காக மத்திய கிழக்கு, அதற்காக நகை அடகு. வாப்பா வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில் பள்ளிக்கூடம், ரியூஷன், ஆஸ்பத்திரி, கடன்காரர், கொத்தனார் என அனைத்தும் உம்மாவின் தலையில்.

இந்த வழக்கத்தில் ஒரு நன்மையும் உண்டு. கலியாணமான பிறகும் மகள் தாயின் அருகிலேயே இருக்கிறாள். சாச்சியும் பெரியம்மாவும் அடுத்த வளவில் இருக்கிறார்கள். பெல்ஜியத்தின் லூவைன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இசபெல் ரொஸ்காம், மொய்ரா மிகொலைஷாக் ஆகிய உளவியலாளர்கள் தலைமையில் 42 நாடுகளில் பெற்றோரின் களைப்பை ஆராய்ந்து 2021இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அவரவர் பாட்டைத் தனியாகப் பார்த்துக்கொள்ளும் பண்பாடு வலுவாக உள்ள மேற்கு நாடுகளில் பெற்றோர் எரிந்துபோகும் நிலை அதிகமாக இருந்தது. பிள்ளை வளர்ப்பைப் பலர் பங்கிட்டுக்கொள்ளும் சமூகங்கள் ஓரளவு பாதுகாக்கப்பட்டிருக்கின்றன என்றே இதை விளங்கிக்கொள்ளலாம். நமக்கு அந்தப் பாதுகாப்பு இருந்தது. வளவுகள் துண்டாகி, உறவுகள் வெளிநாடு போய், வீட்டுக்கு வீடு மதில் எழும்பியதில் அது மெலிந்து வருகிறது.

அதே வழக்கத்துக்கு மறுபக்கமும் உண்டு. தாயைப் பார்க்கும் பொறுப்பு தானாகவே மகளின் தலையில் விழுகிறது. ஆகவே உம்மாவின் களைப்புக்காகப் படிப்பு நிறுத்தப்படும்போது, அநேகமாக நிறுத்தப்படுவது ராத்தாவின் படிப்புத்தான்.

களைப்பை எப்படி எடைபோடுவது?

"உம்மா கன யோசனை" என்று நம்மில் சொல்வார்கள். அந்த ஒரு சொல்லுக்குள் குறைந்தது நான்கு வேறு விடயங்கள் ஒளிந்திருக்கலாம்.

ஒன்று, சாதாரண அசதி. நன்றாகத் தூங்கி, இரண்டு மூன்று நாள் ஓய்வு கிடைத்தால் இது குறையும். பெருநாளுக்குத் தங்கையின் வீட்டில் இரண்டு இரவு தங்கிவிட்டு வந்த உம்மா முகம் தெளிந்து வருகிறாரென்றால், தேவை ஓய்வும் வேலைப் பங்கீடும்.

இரண்டு, உடல் நோய். இரத்தச்சோகை, தைரொயிட் குறைபாடு, சீனி, மாதவிடாய் நிற்கும் காலத்து மாற்றங்கள் ஆகியன ஒருவரை எந்நேரமும் சோர்ந்திருக்கச் செய்யும். எரிச்சல், மறதி, தூக்கமின்மை எல்லாம் இவற்றாலும் வரும். பார்ப்பதற்கு இது மனநோய் போலவே தெரியும். சாதாரண இரத்தப் பரிசோதனைகளே பெரும்பாலும் இதைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே இதைப் பார்க்காமல் அடுத்த படிக்குப் போகக்கூடாது.

மூன்று, பெற்றோர் என்ற பொறுப்பிலேயே எரிந்துபோன நிலை. மேலே சொன்ன ஆய்வாளர்கள் இதற்கு நான்கு அடையாளங்களைச் சொல்கிறார்கள்: பிள்ளைகளின் பொறுப்பை நினைத்தாலே உடல் ஓய்ந்துவிடுவது; பிள்ளைகளிடமிருந்து மனத்தால் விலகி, சோறு போடுவது, உடுப்புக் கழுவுவது என இயந்திரம் போலச் செய்வது; 'போதும்' என்ற வெறுப்பு; "நான் முந்தி இப்படியான உம்மா இல்லையே" என்ற குற்ற உணர்வு. இப்படிப்பட்டவர் பிள்ளைகள் இல்லாத இடத்தில், ஒரு கலியாண வீட்டில் அல்லது அயல்வீட்டுத் திண்ணையில், பழையபடி சிரித்துப் பேசக்கூடும். அதைப் பார்த்து "நடிக்கிறா" என்று நினைத்துவிடாதீர்கள்.

நான்கு, மனச்சோர்வு நோய். இது இடத்துக்கு இடம் மாறாது. வீட்டிலும் அப்படித்தான், விருந்திலும் அப்படித்தான். நாளின் பெரும்பகுதி, அநேகமாக ஒவ்வொரு நாளும், இரண்டு வாரங்களுக்குக் குறையாமல் கவலையோ எதிலும் விருப்பமின்மையோ நீடித்தால் மருத்துவர்கள் இதைச் சந்தேகிக்கிறார்கள். உலகெங்கும் ஆஸ்பத்திரிகளில் பயன்படும் ஒன்பது கேள்விப் பட்டியலொன்று 2001இல் வெளியானது. அது கேட்பவை இவைதான்: விருப்பமின்மை, கவலை, தூக்கம், உடல் சக்தி, பசி, தன்னைப் பற்றிய தாழ்வெண்ணம், கவனம், அசைவிலும் பேச்சிலும் மந்தம் அல்லது பதற்றம், மரணத்தைப் பற்றிய எண்ணம்.

இவற்றை நமது வீட்டு மொழியில் கவனிக்கலாம். சுபஹுக்கு வெகு முன்பே விழித்து, கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறாரா? கறிக்கு உப்புப் போட்டோமா இல்லையா என்பது அடிக்கடி மறக்கிறதா? வழமையாக ஓதும் யாஸீனை, திக்ரை விட்டுவிட்டாரா? தொழுதாலும் "மனசு அதில நிக்குதில்ல" என்கிறாரா? தலையிடி, நெஞ்சு படபடப்பு, உடம்பெல்லாம் அடித்துப் போட்டது போன்ற நோவு என்று மருந்துக்கு மேல் மருந்து எடுத்தும் குணமில்லையா? நம்மவர்களில் மனச்சோர்வு பெரும்பாலும் உடம்பு நோவாகவே வெளியே வருகிறது.

வாப்பாமார் விடயத்தில் அடையாளம் வேறு. அழமாட்டார், கோபப்படுவார். அல்லது பேச்சை நிறுத்திவிடுவார். கடையிலேயே, கடற்கரையிலேயே நேரத்தைப் போக்குவார். சிகரட் கூடும். வெளிநாட்டிலிருந்து நிரந்தரமாகத் திரும்பிய வாப்பா, தன் வீட்டிலேயே விருந்தாளி போல ஒதுங்கி இருப்பதும் கவனிக்க வேண்டிய ஒன்று.

பிள்ளை வைத்தியர் அல்ல. "உங்களுக்கு டிப்ரெஷன்" என்று உம்மாவுக்குத் தீர்ப்புச் சொல்வது பிள்ளையின் வேலையும் அல்ல. இரண்டு வாரங்கள் ஒரு கொப்பியில் தூக்கம், சாப்பாடு, அழுகை, கோபம், நோவு ஆகியவற்றைத் திகதியோடு குறித்துவைப்பதே பிள்ளையின் வேலை. "என்ன செய்யுது உம்மா?" என்று கேட்டால் "ஒண்டுமில்ல" என்ற பதில்தான் வரும். "நேத்து எத்தனை மணிக்கு முழிச்சீங்க? அதுக்குப் பிறகு தூங்கினீங்களா?" என்று கேட்டால் உண்மையான பதில் வரும். அந்தக் கொப்பி வைத்தியருக்கு அரைமணி நேரப் பேச்சை விட அதிகம் சொல்லும்.

ஒரு விடயத்தில் மட்டும் இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது. "நான் மௌத்தாகிட்டா எல்லாருக்கும் நிம்மதி" என்ற பேச்சு நமது வீடுகளில் அலுப்பில் வருவதும் உண்டு, உண்மையாகவே வருவதும் உண்டு. அது அடிக்கடி வந்தால், அல்லது அவர் பொருட்களைப் பங்கிட்டுக் கொடுக்கவும் பொறுப்புச் சொல்லவும் தொடங்கினால், நேரடியாகக் கேளுங்கள்: "உயிரை மாய்க்கிற எண்ணம் வருதா உம்மா?" கேட்பதால் அந்த எண்ணம் உருவாகாது, கேட்டதே பலருக்கு ஆறுதலாகிவிடும். ஆம் என்றால் தனியே விடாதீர்கள். மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் கைக்கெட்டாமல் அகற்றுங்கள். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை எந்நேரமும் அழைக்கலாம்.

இது ஈமான் குறைவா?

இந்தக் கேள்வியால்தான் நம்மில் பலர் மாதக்கணக்கில் தாமதிக்கிறோம். யஃகூப் (அலை) அவர்களின் வரலாற்றை ஸூறா யூஸுஃப் சொல்கிறது. மகனைப் பிரிந்த துயரத்தால் அவர்களது கண்கள் வெளுத்து, பார்வை போனது. அவர்கள் ஒரு நபி. பிள்ளைகளோ, இப்படியே நினைத்து நினைத்து உங்களை அழித்துக்கொள்ளப் போகிறீர்களா என்று குறைபட்டார்கள். பெற்றோரின் துயரத்தைப் பிள்ளைகள் சலிப்போடு பார்ப்பது அன்றும் இருந்திருக்கிறது. அந்தத் துயரத்தை அல்குர்ஆன் ஈமானின் குறையாகக் காட்டவில்லை.

ஸல்மான் அல்பாரிஸி (ரழி) அவர்கள் தமது சகோதரராக்கப்பட்ட அபுத்தர்தா (ரழி) அவர்களின் வீட்டுக்குப் போன சம்பவம் புகாரியில் பதிவாகியிருக்கிறது. உம்முத்தர்தா தம்மைக் கவனிக்காமல் வாடிப்போயிருந்ததைக் கண்ட ஸல்மான், கடந்து போகாமல் "என்ன செய்கிறது?" என்று கேட்டார்கள். பிறகு வணக்கத்திலேயே மூழ்கியிருந்த அபுத்தர்தாவைச் சாப்பிட வைத்து, இரவில் தூங்கவும் வைத்து, இறைவனுக்கும் உடலுக்கும் குடும்பத்துக்கும் தனித்தனி உரிமைகள் உண்டு என்று எடுத்துச் சொன்னார்கள். நபி (ஸல்) அவர்கள் ஸல்மான் சொன்னதைச் சரி என்றார்கள். ஒரு பெண்ணின் வெளித்தோற்றத்தைக் கொண்டே வீட்டின் நிலையை விளங்கி, விசாரித்து, வாழ்க்கை முறையைத் திருத்திய நிகழ்வு இது. இன்று நாம் 'மதிப்பீடு' என்று சொல்வதும் இதைத்தான்.

முஸ்லிம் அறிஞர்களுக்கும் இது புதிதல்ல. கி.பி. 934இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கி உடல், உள்ளம் இரண்டினதும் ஆரோக்கியத்தைச் சேர்த்து ஒரு நூல் எழுதினார். காரணம் தெரிந்த கவலை, காரணம் தெரியாமல் உடலிலிருந்து எழும் கவலை என்று அவர் அதில் பிரித்துக் காட்டினார். முதலாவதற்கு ஆறுதலும் சிந்தனை மாற்றமும், இரண்டாவதற்கு மருந்து. ஆயிரம் வருடங்களுக்கு முன்பே நம்மவர் ஒருவர் பிரித்தறிந்ததை நாம் இன்னும் "கண்ணூறு, ஜின்" என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டிருக்கிறோம். ஓதிப் பார்ப்பதை எவரும் தடுக்கவில்லை. ஆனால் மருந்து தேடச் சொன்னதும் அதே மார்க்கம்தான்.

எங்கே போவது?

முதற்படி மனநலப் பிரிவாக இருக்க வேண்டியதில்லை. ஆரையம்பதி வைத்தியசாலையிலோ காத்தான்குடி ஆதார வைத்தியசாலையிலோ வெளிநோயாளர் பிரிவில் காட்டலாம். 35 வயதைக் கடந்த பெண்களுக்காகச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் நடத்தும் சுகவனிதையர் கிளினிக்குக்கும் போகலாம். உங்கள் பகுதி மருத்துவமாதுவிடம் கேட்டால் நாளும் இடமும் சொல்வார். பிரஷர், சீனி, இரத்தச்சோகை, தைரொயிட் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். அவையெல்லாம் சரியாக இருந்தும் நிலைமை மாறவில்லையென்றால், மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கடிதம் கேளுங்கள். பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர்களும் இருக்கிறார்கள். இவை அனைத்தும் அரச சேவைகள், கட்டணம் இல்லை.

"மகளுக்குச் சம்பந்தம் பேசுகிற நேரத்தில் உம்மா மனநல கிளினிக்குக்குப் போறா என்று ஊர் அறிந்தால்?" என்ற பயம் உண்மையானது. அதைக் கேலி செய்ய முடியாது. ஆனால் கிளினிக் அட்டையை விட, சிகிச்சை இல்லாமல் வளரும் நோய்தான் ஊரின் கண்ணுக்கு முதலில் தெரியும். வைத்தியர் நோயாளியின் இரகசியத்தைக் காக்கக் கடமைப்பட்டவர்.

மனச்சோர்வுக்கான மருந்து போட்ட மறுநாளே வேலை செய்யாது; பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரங்கள் எடுக்கும். முதல் வாரத்தில் "ஒண்டும் இல்ல" என்று நிறுத்திவிடுவதும், சுகமானதும் தாமாகவே நிறுத்திவிடுவதும் நம்மிடையே நடக்கும் இரு தவறுகள். நோன்பு காலத்தில் வேளையை மாற்றுவதும் வைத்தியரிடம் கேட்டே நடக்க வேண்டும்.

விண்ணப்பம் வேறு, தீர்மானம் வேறு

இனிப் பிள்ளையின் பக்கம் வருவோம். பெறுபேறு வெளியாகி, பல்கலைக்கழக அனுமதி வந்து, விரிவுரை தொடங்கும் வரை நமது நாட்டில் பல மாதங்கள் கழிகின்றன. இந்தத் தாமதத்தை நாம் எல்லோரும் ஏசுகிறோம். ஆனால் உம்மாவின் நிலையைப் பார்த்து, சிகிச்சை தொடங்கி, முதல் பலனை அறிவதற்கு அந்தக் காலம் போதும்.

எனவே இரண்டையும் சமாந்தரமாக நடத்த வேண்டும். உம்மாவின் சிகிச்சை தொடங்கட்டும். அதேவேளை பிள்ளை எல்லாக் கதவுகளையும் தட்டி வைக்கட்டும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு விண்ணப்பத்துக்குத் தரும் காலம் சில வாரங்கள்தான். அதைத் தவறவிட்டால் திரும்பாது. "போகிறதில்லை என்றால் எதற்கு விண்ணப்பிக்க?" என்று விட்டுவிடாதீர்கள். விண்ணப்பிப்பது எவரையும் கட்டிப்போடாது. விண்ணப்பிக்காமல் விடுவதுதான் கட்டிப்போடும்.

உண்மை நிலையையும் அறிந்திருக்க வேண்டும். பல்கலைக்கழகத்துக்குத் தகுதி பெறுவோரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கே அரச பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கிறது. பெரும்பாலான துறைகளில் இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் பகிரப்படுகின்றன. உயர்தரம் மூன்று தடவை எழுதலாம். ஆனால் மூன்றாம் தடவையும் எழுதவைப்பது பிள்ளையின் விருப்பமா, அல்லது "மகன் டொக்டரானா உம்மாட கவலை தீரும்" என்ற நம்பிக்கையா என்று யோசிக்க வேண்டும். ஒரு தாயின் நோய்க்கு மருந்தாகப் பிள்ளையின் பட்டத்தை எண்ணும்போது, பிள்ளை தோற்றால் இருவரும் சேர்ந்தே விழுகிறார்கள்.

இடம் கிடைக்காவிட்டாலும் வழிகள் உண்டு, அவற்றில் சில வீட்டு வாசலிலேயே இருக்கின்றன. ஆரையம்பதி கோவில்குளத்தில் உயர் தொழில்நுட்பவியல் நிறுவகம் இருக்கிறது. உயர் தேசிய டிப்ளோமா படிக்கலாம். தாளங்குடாவிலும் அட்டாளைச்சேனையிலும் கல்வியியற் கல்லூரிகள் இருக்கின்றன. மட்டக்களப்பில் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. தேசிய தொழிற் தகைமை ஏழு மட்டங்களைக் கொண்டது. ஏழாவது மட்டம் பட்டத்துக்குச் சமம். ஆகவே மின்னிணைப்புப் படிக்கப் போகும் பிள்ளை படிப்பை விட்டுவிட்டதாக அர்த்தமில்லை. திறந்த பல்கலைக்கழகம் இசட் புள்ளி கேட்பதில்லை. வேலை செய்துகொண்டும் வீட்டைப் பார்த்துக்கொண்டும் படிக்கலாம். தனியார் நிறுவனப் பட்டங்களுக்கு 2017 முதல் அரசு வட்டியில்லாக் கடன் திட்டமொன்றை நடத்துகிறது. வட்டிக்கு அஞ்சும் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டிய விடயம் இது. எது பொருந்தும் என்று தெரியாவிட்டால், பிரதேச செயலகத்திலுள்ள மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் தொழில் வழிகாட்டல் கேட்கலாம்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம்

காங்கேயனோடையில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாப்பா சவூதியில் சாரதி. உம்மாவுக்கு 46 வயது. மூத்த மகள் பேராதனைக்குத் தெரிவாகியிருக்கிறாள். தம்பி பத்தாம் ஆண்டு, தங்கை ஆறாம் ஆண்டு. உம்மா ஆறு மாதமாக எதிலும் ஒட்டாமல் இருக்கிறார். "நான் போகல்ல" என்கிறாள் மகள். "பேசாம கலியாணத்தை முடிப்பம்" என்கிறார் மாமா.

இங்கே மஷூராவுக்கு உட்காருங்கள். உம்மாவும் மகளும் அந்த மஷூராவில் இருக்க வேண்டும். வாப்பா வட்ஸ்அப்பில் இருக்கட்டும். ஒரு தாளை எடுத்து மகள் வீட்டில் செய்யும் வேலைகளை ஒவ்வொன்றாக எழுதுங்கள்: தங்கைக்குப் பாடம் சொல்லுதல், கடைக்குப் போதல், உம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போதல், இரவில் பக்கத்தில் படுத்தல். ஒவ்வொன்றுக்கும் எதிரே வேறு யார் செய்யலாம் என்று எழுதுங்கள். பத்தாம் ஆண்டு தம்பிக்குக் கடைக்குப் போகவும் கோப்பை கழுவவும் இரண்டு கை இருக்கிறது. சாச்சி வாரத்தில் இரண்டு இரவு வரலாம். வாப்பா அனுப்பும் காசில் ரியூஷனுக்கு ஒரு பகுதி ஒதுக்கலாம். எழுதி முடிக்கும்போது மகளால் மட்டுமே ஆகக்கூடியது என்று அந்தத் தாளில் மிஞ்சுவது பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான்.

பிறகு ஒரு திகதி குறியுங்கள். "உம்மாவின் மருந்து தொடங்கி எட்டு வாரம் கழித்து மறுபடி உட்காருவோம்." அதுவரை எந்த நிரந்தர முடிவும் இல்லை. படிப்பை விடுவதும் இல்லை, நிக்காஹ் பேசுவதும் இல்லை, வீசாவும் இல்லை. உம்மா "நீ போகாத" என்று அழுதாலும் "போ" என்று அதட்டினாலும் அதை இறுதி வார்த்தையாக எடுக்காதீர்கள். மனச்சோர்வில் இருக்கும் ஒருவருக்கு எதிர்காலம் முழுவதும் இருட்டாகவே தெரியும். சுகமான பிறகு அதே உம்மா வேறு பதில் சொல்லக்கூடும். இஸ்திகாராவும் இப்படித்தான்: விசாரித்து, ஆலோசித்து, ஒரு பக்கம் சாய்ந்த பிறகு அல்லாஹ்விடம் நலவைக் கேட்பது. ஆஸ்பத்திரிக்குப் போகாமல் கனவுக்குக் காத்திருப்பது இஸ்திகாரா ஆகாது.

நோய் நீடித்தால்?

எல்லாக் களைப்பும் எட்டு வாரத்தில் தீராது. சில நோய்கள் கூடவே இருக்கும். வீட்டில் வேறு ஆள் இல்லாத குடும்பங்களும் இருக்கின்றன. போருக்குப் போக அனுமதி கேட்ட ஒருவரிடம், பெற்றோர் உயிரோடு இருக்கிறார்களா என்று விசாரித்து, அவர்களுக்குப் பணிவிடை செய்வதில் பாடுபடும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னதை நாம் அறிவோம். அப்படியொரு நிலையில் வீட்டோடு நின்று பெற்றோரைப் பார்க்கும் பிள்ளை எதையும் இழந்துவிடவில்லை.

ஆனால் அந்தத் தியாகமும் கணக்கோடு இருக்க வேண்டும். படிப்பை நிறுத்துவதை விடப் படிப்பின் இடத்தை மாற்றலாம்: பேராதனைக்குப் பதிலாக வந்தாறுமூலையோ ஒலுவிலோ, முழுநேரத்துக்குப் பதிலாகத் திறந்த பல்கலைக்கழகமோ. விருப்பத்தெரிவுப் பட்டியலை எழுதும்போதே தூரத்தையும் எண்ணி எழுதலாம். பராமரிப்பை ஆண் பிள்ளைகளும் பங்கிட வேண்டும். பெற்றோருக்கு நன்மை செய்யும் கட்டளை மகள்மாருக்கு மட்டும் இறங்கவில்லை. பராமரிக்கும் பிள்ளைக்கும் ஓய்வு நாள் வேண்டும். இல்லாவிட்டால் இன்று களைத்த உம்மாவின் இடத்தில் பதினைந்து வருடங்களில் களைத்த ராத்தா உட்கார்ந்திருப்பாள்.

ஊரின் பங்கு

பள்ளிவாசல் நிர்வாகங்கள் ஸகாத் நிதியில் தையல் இயந்திரம் கொடுக்கின்றன, வீடு கட்டிக் கொடுக்கின்றன. தகுதியான குடும்பமொன்றின் நோயுற்ற தாய்க்கு ஆறு மாதம் உதவிக்கு ஒரு பெண்ணை அமர்த்தும் செலவையோ, அந்த வீட்டு மகளின் விடுதிச் செலவையோ கொடுப்பதைப் பற்றியும் உலமாக்களிடம் கேட்டு ஆராயலாம். ஒரு படிப்பும் ஒரு தாயும் சேர்ந்து காப்பாற்றப்படுவார்கள். பாடசாலைகளில் உயர்தர மாணவர்களுக்கு நடக்கும் தொழில் வழிகாட்டல் கருத்தரங்குகளில் "வீட்டில் யாராவது சுகமில்லாமல் இருக்கிறார்களா?" என்ற கேள்வியையும் தனிமையில் கேட்க ஆசிரியர்கள் பழகலாம். வருடத்தில் ஒரு குத்பாவாவது மனநோயைப் பற்றி, வைத்தியர்களிடம் கேட்டறிந்து, நிகழ்த்தப்பட வேண்டும். வீடு கொடுத்துப் பெண் கொடுக்கும் சுமையை எப்படிக் குறைப்பது என்பதும் அந்த மிம்பரிலிருந்தே பேசப்பட வேண்டும். பல வாப்பாமாரின் களைப்புக்கு மூலம் அங்கேதான் இருக்கிறது.

இந்த வாரம் பெறுபேற்றுத் தாளோடு உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று: உம்மாவுக்காக எதை விடுவது என்று யோசிப்பதற்கு முன், உம்மாவை ஒருமுறை வைத்தியரிடம் கூட்டிப் போங்கள். விண்ணப்பப் படிவத்தையும் நிரப்பி வையுங்கள். மற்ற முடிவுகள் எட்டு வாரம் காத்திருக்கும்.